இயந்திரச் சிறுவனின் தந்தை

ஜப்பானியப் படக்கதைகளை உலக டெலிவிஷனில் ஏற்றிய ஒசாமு தெசுகாவின் வாழ்க்கை

1945-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஜப்பானில் உள்ள ஒசாகா நகரம்.

இரண்டாவது உலக யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நகரத்தின் பல பகுதிகள் எரிந்து போயிருந்தன. நடுவே ஒரு சினிமா கொட்டகை மட்டும் எரியாமல் நின்றது. அங்கே ஒரு கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டு இருந்தது.

கொட்டகையில் கூட்டம் இல்லை. குளிர்ந்த நாற்காலி ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவன் தனியாக உட்கார்ந்து இருந்தான். மூக்குக் கண்ணாடி, சுருட்டை முடி, மெலிந்த உடல். அவன் பள்ளி மாணவன். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. மாணவர்கள் எல்லோரையும் யுத்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படம் ஜப்பானியக் கடற்படைக்காகத் தயாரிக்கப்பட்டது. யுத்தப் பிரசாரத்துக்காக எடுத்த படம். ஆனால் பையன் பிரசாரத்தைப் பார்க்கவில்லை. காற்றில் மிதந்து வந்த பூம்பஞ்சைப் பார்த்தான். மிருகங்கள் பாட்டுப் பாடி எழுத்துப் படிக்கும் காட்சியைப் பார்த்தான். சண்டைக்கு நடுவே இத்தனை அழகா என்று அவன் கண்கள் கலங்கின.

வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அன்று அவன் முடிவு செய்தான்.

அந்தப் பையனின் பெயர் ஒசாமு தெசுகா. பிற்காலத்தில் ஜப்பான் நாடு அவரைப் படக்கதை உலகின் கடவுள் என்று அழைத்தது. அவர் படைத்த இயந்திரச் சிறுவன் கடல் தாண்டிப் போய், அமெரிக்கக் குழந்தைகளின் மனதைக் கவர்ந்தான். அதற்காக அவர் கொடுத்த விலையும் பெரியது.

பூச்சிப் பிரியர்

தெசுகா 1928-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி பிறந்தார். ஊர், ஒசாகா அருகே உள்ள தொயோனகா. மூன்று குழந்தைகளில் அவரே மூத்தவர். அவருக்கு 5 வயது ஆனபோது, குடும்பம் தகராசூகா என்ற ஊருக்குக் குடி போயிற்று.

தகராசூகா, நாடகத்துக்குப் பேர் போன ஊர். அங்கே நாடகங்களில் பெண்களே நடிப்பார்கள். ஆண் வேடத்தையும் பெண்களே போடுவார்கள். தெசுகாவின் தாயார் அவரை அடிக்கடி நாடகத்துக்கு அழைத்துப் போனார்.

தந்தைக்கு சினிமாவில் ஆசை. வீட்டிலேயே சிறிய சினிமா எந்திரம் ஒன்றை வாங்கி வைத்து இருந்தார். வால்ட் டிஸ்னியின் மிக்கி எலியும், சார்லி சாப்ளினும் அந்த வீட்டுச் சுவரில் அசைந்தார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் இது எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்காத பாக்கியம்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் தெசுகாவுக்குத் தொல்லைதான். அவர் முடி சுருட்டை. உடம்பில் பலம் இல்லை. பிள்ளைகள் அவரைக் கேலி செய்து அழ வைத்தார்கள்.

அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அது பென்சில். நோட்டுப் புத்தகத்தில் அவர் வரைந்த படக்கதைகளைப் பார்த்த பிள்ளைகள், கேலியை நிறுத்திவிட்டு அடுத்த கதை எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவருக்குப் பூச்சிகள் என்றால் உயிர். காட்டிலும் மேட்டிலும் அலைந்து, வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்துவந்து படம் வரைவார். ஒருவகை வண்டுக்கு ஜப்பானிய மொழியில் 'ஒசாமுஷி' என்று பெயர். தன் பெயரான ஒசாமு அதில் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். பூச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தன் பெயரோடு சேர்த்து எழுதத் தொடங்கினார். கடைசிவரை அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்.

கையைக் காத்த டாக்டர்

யுத்த காலத்தில் தெசுகாவின் இரு கைகளிலும் தோல் நோய் பரவியது. சிகிச்சைக்கு இன்னும் கொஞ்சம் தாமதித்து இருந்தால், கைகளை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும். ஒரு டாக்டர் அந்தக் கைகளைக் காப்பாற்றினார். தானும் டாக்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் தெசுகாவுக்கு அப்போது வந்தது.

1945-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒசாகா மீது பெரிய விமானத் தாக்குதல் நடந்தது. அன்று தெசுகா, தொழிற்சாலையின் காவல் கோபுரத்தில் நின்றார். நெருப்புக் குண்டுகள் மழைபோல் விழுந்தன. அவர் அருகிலேயே கூரையைப் பிளந்துகொண்டு குண்டு இறங்கியது. அவர் பிழைத்தார். யோடோ ஆற்றங்கரைக்கு ஓடியபோது, அங்கே பிணங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார்.

அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவே இல்லை. உயிர் பெரிது என்ற பேச்சு அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

ஆகஸ்டு மாதம் யுத்தம் முடிந்தது. நகரத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்ததைப் பார்த்த பிறகுதான், தான் உயிரோடு இருக்கிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது.

அம்மா கேட்ட கேள்வி

தெசுகா ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பகலில் வைத்தியப் படிப்பு. இரவில் படக்கதை.

1946-ம் ஆண்டு ஜனவரியில், குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் அவருடைய முதல் படக்கதை வெளிவந்தது. நாலு கட்டங்களில் முடியும் சிறிய கதை. மறு ஆண்டு 'புதிய புதையல் தீவு' என்ற புத்தகம் வந்தது. கதையின் திட்டத்தை மூத்த ஓவியர் ஒருவர் கொடுத்தார். படங்களைத் தெசுகா வரைந்தார்.

அந்தப் புத்தகம் ஜப்பானியச் சிறுவர்களைக் கிறுகிறுக்க வைத்தது. அதுவரை வந்த படக்கதைகள் நாடக மேடைபோல் இருக்கும். ஆட்கள் தூரத்தில் வரிசையாக நிற்பார்கள். தெசுகாவின் கதை சினிமாபோல் இருந்தது. கார் தூரத்தில் வரும். அருகே வரும். பிறகு சக்கரம் மட்டும் தெரியும். காகிதத்தில் இருந்த படம் ஓடுவது போலவே சிறுவர்களுக்குத் தோன்றியது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

பேராசிரியர்கள் கவலைப்பட்டார்கள். இரண்டு படகில் கால் வைத்தவன் கதையாக அவர் நிலைமை இருந்தது. டாக்டர் ஆவதா, ஓவியர் ஆவதா?

அவர் அம்மாவிடம் போய் யோசனை கேட்டார். எந்தத் தொழில் உனக்கு உண்மையில் பிடித்து இருக்கிறது என்று அம்மா கேட்டார். படக்கதைதான் என்று மகன் பதில் சொன்னார். அப்படியானால் அதையே செய் என்று அம்மா சொல்லிவிட்டார்.

டாக்டர் என்றால் சமூகத்தில் மரியாதை. படக்கதை வரைகிறவன் என்றால் இளக்காரம். அந்தக் காலத்தில் ஒரு தாய் இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் அல்ல. அம்மாவின் அந்த வார்த்தைக்குத் தெசுகா கடைசிவரை நன்றி பாராட்டினார்.

ஆனாலும் படிப்பை அவர் பாதியில் விடவில்லை. 1951-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அரசாங்கம் நடத்தும் டாக்டர் பரீட்சையிலும் தேறினார். 1961-ம் ஆண்டில் நத்தை வகை ஒன்றின் உயிரணுவை ஆராய்ந்து, மருத்துவத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆனால் வைத்தியத் தொழில் மட்டும் செய்யவில்லை.

அட்டாம் பிறந்தான்

1952-ம் ஆண்டு, சிறுவர் பத்திரிகை ஒன்றில் 'தெட்சுவான் அட்டாம்' என்ற தொடர்கதையைத் தெசுகா தொடங்கினார். 'அட்டாம்' என்றால் அணு. 'தெட்சுவான்' என்றால் இரும்புக் கை.

கதை இதுதான்: விஞ்ஞானி ஒருவரின் மகன் கார் விபத்தில் இறந்துபோகிறான். துக்கம் தாங்காத தந்தை, மகனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். ஆனால் இயந்திரம் வளராது அல்லவா? வருஷம் போனாலும் பையன் அதே உயரத்தில் நிற்கிறான். தந்தைக்கு வெறுப்பு வருகிறது. பையனை சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார்.

நல்ல மனம் படைத்த இன்னொரு விஞ்ஞானி அவனை மீட்டு வளர்க்கிறார். பையனுக்கு 1 லட்சம் குதிரைச் சக்தி. வானத்தில் பறப்பான். ஆனால் மனதில் அவன் குழந்தை. மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே நின்று, இரு பக்கத்திலும் அடி வாங்குவான்.

அணுகுண்டு விழுந்த நாடு ஜப்பான். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து 7 வருஷமே ஆகி இருந்தது. அந்த நாட்டிலே அணுவின் பெயரைத் தாங்கிய ஒரு சிறுவன், மனிதர்களைக் காப்பாற்றுகிறவனாக வந்தான். சிறுவர்கள் அவனை வாரி அணைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் இந்தக் கதை 1968-ம் ஆண்டுவரை ஓடியது.

தெசுகா டோக்கியோவுக்குக் குடியேறினார். ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்கு வரைந்தார். பத்திரிகை ஆசிரியர்கள் அவர் வீட்டில் வரிசையாகக் காத்துக் கிடப்பார்கள். யாருக்கு முதலில் பக்கம் கிடைக்கும் என்று அவர்களுக்குள் சண்டை வரும். 1959-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் எத்சுகோ.

சொந்தப் படக் கம்பெனி

கையில் பணம் சேர்ந்தது. ஆனால் கொட்டகையில் அழுத அந்தப் பையன் தெசுகாவுக்குள் இன்னும் இருந்தான். வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தை 80 தடவைக்கு மேல் பார்த்ததாக அவர் சொல்வது உண்டு.

ஜப்பானில் தோயெய் என்ற பெரிய படக் கம்பெனி, அவர் வரைந்த குரங்குக் கதையைக் கார்ட்டூன் படமாக எடுக்க முன்வந்தது. சீனத்தின் பழைய புராணக் கதையைத் தழுவியது அது. தெசுகா ஸ்டூடியோவுக்குப் போய் வேலை செய்தார். குரங்கின் காதலி இறந்துபோவதாகக் கதையை முடிக்க அவர் விரும்பினார். கம்பெனி சம்மதிக்கவில்லை. குழந்தைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது கம்பெனியின் எண்ணம். படம் 1960-ம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலும் வேறு பெயரில் ஓடியது.

தன் மனதில் உள்ள கதையைத் தன் விருப்பப்படி எடுக்கவேண்டுமானால், தன் சொந்தக் கம்பெனி வேண்டும் என்று தெசுகா கண்டுகொண்டார்.

1961-ம் ஆண்டு சில உதவியாளர்களுடன் வேலை தொடங்கியது. கம்பெனிக்கு 'மூஷி' என்று பெயர் வைத்தார். மூஷி என்றால் பூச்சி! டோக்கியோவில் தன் வீட்டை ஒட்டியே ஸ்டூடியோ கட்டினார். படக்கதை வரைந்து சம்பாதித்த பணம் எல்லாம் அதில் இறங்கியது.

முதல் படம் ஒரு தெருமுனையைப் பற்றியது. சுவரொட்டிகள், ஒரு மரம், ஓர் எலிக்குட்டி இவைதான் அதில் வரும். 1962-ம் ஆண்டு அதைத் திரையிட்டார். புகழ் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

அட்டாமை டெலிவிஷனுக்குக் கொண்டுவருவது என்று தெசுகா தீர்மானித்தார்.

வாரம் ஒரு படம்

கேட்டவர்கள் சிரித்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

சினிமாப் படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு படம் என்று வரைந்தால், 20 நிமிஷத்துக்கு 28 ஆயிரத்து 800 படங்கள் வேண்டும். பெரிய கம்பெனிகள் ஒரு கார்ட்டூன் படத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளும். தெசுகாவோ வாரம் ஒரு படம் தரவேண்டும்.

அவர் வழி கண்டுபிடித்தார். ஒரே படத்தை மூன்று முறை படம் பிடித்தால், நொடிக்கு 8 படம் போதும். ஒருவர் பேசும்போது உடம்பு முழுவதையும் வரைய வேண்டியது இல்லை. வாயை மட்டும் மாற்றினால் போதும். ஓடும் காட்சிக்குச் சில படங்களை வரைந்து திரும்பத் திரும்பப் போடலாம். பின்னால் உள்ள காட்சியை நகர்த்தினால் ஆள் ஓடுவதுபோல் தெரியும்.

இன்னொரு தந்திரமும் செய்தார். அட்டாம் பறக்கும் காட்சி, திரும்பும் காட்சி ஆகியவற்றை ஒரு தடவை வரைந்து, பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதையே எடுத்து வேறு வானத்தின் மீது ஒட்டினார். பாங்கியில் பணம் போட்டு எடுப்பதுபோல, படத்தைப் போட்டு எடுத்தார். இப்படியாக, ஒரு வாரத்துப் படத்தைச் சுமார் 2 ஆயிரம் படங்களுக்குள் முடித்தார்.

அசைவு குறைந்தது. ஆனால் கதை வேகமாக ஓடியது. படக்கதையில் அவர் பழகிய வித்தை இங்கே கைகொடுத்தது. அசையாத படத்தை ஓடுவதுபோல் காட்டுவது அவருக்குப் புதிது அல்லவே!

1963-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. ஜப்பானியருக்குப் புத்தாண்டுத் திருநாள். அன்று மாலை அட்டாம் டெலிவிஷனில் பறந்தான். சிறுவர்கள் தெருவை விட்டு வீட்டுக்குள் ஓடினார்கள். மறு ஆண்டு ஒரு சமயம், டெலிவிஷன் உள்ள வீடுகளில் 100-க்கு 40 வீடுகள் அட்டாமைப் பார்த்ததாகக் கணக்கு எடுத்தவர்கள் சொன்னார்கள். 4 ஆண்டுகளில் 193 படங்கள் வந்தன.

வெற்றிக்குள்ளே ஒரு முள் இருந்தது. படத்தைத் தயாரிக்க ஆன செலவைவிடக் குறைந்த தொகைக்குத் தெசுகா ஒப்புக்கொண்டு இருந்தார். விலை அதிகம் சொன்னால் விளம்பரக் கம்பெனி ஓடிவிடும். விலை குறைவாக இருந்தால் வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்குத் தப்பியது. அதே ஆண்டிலேயே மற்றக் கம்பெனிகளும் டெலிவிஷன் கார்ட்டூனில் இறங்கின. தெசுகா வைத்த விலையே எல்லோருக்கும் விலை ஆயிற்று.

நஷ்டத்தை ஈடுகட்டியவை இரண்டு. ஒன்று, அட்டாம் படம் போட்ட மிட்டாய், பொம்மை, ஒட்டுப் படம் ஆகியவற்றில் வந்த பணம். மற்றொன்று, வெளிநாட்டு விற்பனை.

அமெரிக்காவில் அட்டாம்

அமெரிக்காவின் என்.பி.சி. டெலிவிஷன் கம்பெனிக்கு, படங்களை வாங்கி விற்கும் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவினர் அட்டாமைப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். ஜப்பானில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு, செப்டம்பர் மாதத்தில், அட்டாம் அமெரிக்க டெலிவிஷனில் தோன்றினான்.

யுத்தம் முடிந்து 18 ஆண்டுகளே ஆகி இருந்தன. ஜப்பான் சரக்கு என்றால் மட்டமான சரக்கு என்ற எண்ணம் அமெரிக்காவில் இருந்தது. ஆகவே, இது ஜப்பானியப் படம் என்பது தெரியாதபடி மாற்றும் வேலை நடந்தது. அந்த வேலையை பிரெட் லாட் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார்.

அட்டாமின் பெயர் 'ஆஸ்ட்ரோ பாய்' என்று ஆயிற்று. அவனை வளர்த்த விஞ்ஞானிக்கு மூக்கு பெரிது. ஆகவே அவருக்கு யானையை நினைவூட்டும்படி 'டாக்டர் எலிபன்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய எழுத்தில் இருந்த பலகைகள் வரும் இடங்களை வெட்டினார்கள், அல்லது மாற்றினார்கள். சாவும் ரத்தமும் உள்ள காட்சிகளை நீக்கினார்கள். சில படங்களை வேண்டாம் என்றே தள்ளிவிட்டார்கள்.

நியூயார்க்கில் நடிகர்களை வைத்து ஆங்கிலக் குரல் கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. செலவைக் குறைக்கத் தெசுகா செய்த தந்திரம் இங்கே உதவியாக வந்தது. வாய் திறப்பதும் மூடுவதுமாக மட்டும் வரைந்து இருந்ததால், எந்த மொழியைப் போட்டாலும் பொருந்தியது!

மொத்தம் 104 படங்கள் ஆங்கிலத்தில் வந்தன. அமெரிக்கக் குழந்தைகள், இது தங்கள் நாட்டுப் படம் என்றே நினைத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஓடியது.

1964-ம் ஆண்டு தெசுகா நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்குப் போனார். அங்கே வால்ட் டிஸ்னியைக் கண்டு, ஓடிப்போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். டிஸ்னி, அட்டாம் படத்தைப் பார்த்து இருப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் வீட்டுச் சுவரில் பார்த்த மிக்கி எலியின் சொந்தக்காரர், தன் படத்தைப் பற்றிப் பேசுகிறார்! தெசுகாவுக்கு அதைவிட வேறு பரிசு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைச் சிங்கம்

அடுத்து, காட்டு அரசன் கதை. 1950-ம் ஆண்டிலேயே தெசுகா பத்திரிகையில் வரைந்தது. லியோ என்ற வெள்ளைச் சிங்கக் குட்டியின் வாழ்க்கை அது. தந்தையை வேட்டைக்காரர்கள் கொல்கிறார்கள். குட்டி வளர்ந்து, காட்டை ஆள்கிறது. கடைசியில் பனி மலையில் மனித நண்பனைக் காப்பாற்றத் தன் உயிரையும் தோலையும் கொடுக்கிறது.

இதை வண்ணத்தில் எடுக்கத் தெசுகா விரும்பினார். வண்ணம் என்றால் செலவு அதிகம். அமெரிக்கக் கம்பெனியின் பணம் வேண்டும். பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. லியோ வளரக்கூடாது, குட்டியாகவே இருக்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் கதை தனித் தனியாக முடியவேண்டும். அப்போதுதான் எந்த வரிசையிலும் ஒளிபரப்பலாம். கொடூரம் கூடாது.

பிறந்து, வளர்ந்து, இறக்கும் ஒரு சிங்கத்தின் கதைதான் தெசுகாவின் கதை. அதில் வளர்வதையும் இறப்பதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் படமே இல்லை.

1965-ம் ஆண்டு அக்டோபரில் படம் தொடங்கியது. 52 வாரம் ஓடியது. மறு ஆண்டு அமெரிக்காவில் 'வெள்ளைச் சிங்கம் கிம்பா' என்ற பெயரில் வந்தது. குழந்தைகள் கொண்டாடினார்கள்.

தெசுகா அதோடு விடவில்லை. லியோ வளர்ந்து, மணந்து, குட்டிகள் பெறும் கதையை 1966-ம் ஆண்டு தன் விருப்பப்படி எடுத்தார். 26 வாரம் ஓடிய அந்தப் படத்தை அமெரிக்கக் கம்பெனி வாங்கவில்லை. சிங்கக் கதையைக் கொண்டு தயாரித்த சினிமாப் படம் 1967-ம் ஆண்டு வெனிஸ் நகரப் படவிழாவில் பரிசு வாங்கியது.

கம்பெனி மூழ்கியது

மூஷி கம்பெனியில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். படங்கள் ஓடின. ஆனால் ஒவ்வொரு படமும் நஷ்டத்தோடு பிறந்தது. தெசுகா இரவு பகலாகப் படக்கதை வரைந்து, அந்தப் பணத்தைக் கம்பெனிக்குள் கொட்டினார். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று.

அவர் நல்ல ஓவியர். கணக்குப் பார்க்கத் தெரியாத முதலாளி. தொழிலாளருக்குள் சச்சரவு வந்தது. பெரியவர்களுக்கான படங்களை எடுத்துப் பார்த்தார்கள். கடன் குறையவில்லை. 1971-ம் ஆண்டு தெசுகா தலைவர் பதவியை விட்டு விலகினார். 1973-ம் ஆண்டு மூஷி கம்பெனி திவால் ஆயிற்று.

அவருக்கு அப்போது 45 வயது. பத்திரிகை உலகமும் மாறிவிட்டது. வாலிபர்கள் வேறு மாதிரிக் கதைகளைக் கேட்டார்கள். தெசுகாவின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் பேசிக்கொண்டார்கள்.

மறுபடியும் பேனா

எல்லாம் போனபோதும் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அது, பல வருஷங்களுக்கு முன் ஒரு டாக்டர் காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கை.

கம்பெனி திவாலான அதே 1973-ம் ஆண்டு, வாரப் பத்திரிகை ஒன்றில் 'பிளாக் ஜாக்' என்ற கதையை அவர் தொடங்கினார். அதன் நாயகன் லைசென்ஸ் இல்லாத ஒரு டாக்டர். முகத்தில் தழும்பு. அதிகப் பணம் கேட்பான். ஆனால் யாராலும் முடியாத ஆபரேஷனைச் செய்து உயிரைக் காப்பாற்றுவான். தான் செய்யாமல் விட்ட வைத்தியத்தைத் தெசுகா காகிதத்தில் செய்தார்.

கதை பெரும் வெற்றி பெற்றது. முடிந்துபோனவர் என்று பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

1972-ம் ஆண்டு முதல் 1983-ம் ஆண்டுவரை புத்தர் பிரானின் வாழ்க்கையையும் அவர் வரைந்தார். கபிலவஸ்துவும் மகத நாடும் ஜப்பானியச் சிறுவர்களின் கண் முன் வந்தன. அது ஆங்கிலத்தில் வெளிவந்து, புத்தர் நடந்த நமது நாட்டிலும் புத்தகக் கடைகளில் விற்றது.

படம் எடுக்கும் ஆசையும் அவரை விடவில்லை. தன் பெயரில் இருந்த இன்னொரு கம்பெனியின் மூலம் 1980-ம் ஆண்டு அட்டாமை வண்ணத்தில் மறுபடி எடுத்தார். 1984-ம் ஆண்டு, துள்ளிக்கொண்டே உலகத்தைச் சுற்றும் ஒருவரின் கண்ணில் தெரிவதை மட்டும் காட்டும் குறும்படம் ஒன்றை எடுத்தார். அது யுகோஸ்லாவியாவில் ஸாக்ரெப் நகரப் படவிழாவில் முதல் பரிசு பெற்றது. அதற்கு எந்த விளம்பரக் கம்பெனியின் நிபந்தனையும் இல்லை.

கடைசி நாட்கள்

1988-ம் ஆண்டு தெசுகா நோயில் விழுந்தார். வயிற்றில் புற்றுநோய். அந்தக் காலத்து ஜப்பானிய வழக்கப்படி, நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. டாக்டருக்குப் படித்தவர், தெரிந்துகொள்ளாமல் இருந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்தார். மூன்று தொடர்கதைகள் நடந்துகொண்டு இருந்தன. கடைசி நாட்களில் நினைவு வருவதும் போவதுமாக இருந்தபோதும் பென்சில் கேட்டார். தன்னை வேலை செய்ய விடும்படி கெஞ்சினார் என்று அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

1989-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி டோக்கியோவில் அவர் உயிர் பிரிந்தது. வயது 60. மூன்று கதைகளும் முடியாமல் நின்றன. அவர் வரைந்து வைத்துப்போன பக்கங்கள் சுமார் 1 லட்சத்து 50 ஆயிரம்.

அவர் மறைந்தபோது எல்லோரும் புகழ மட்டும் செய்யவில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கார்ட்டூன் பட டைரக்டர் ஹயாவோ மியாசாகி, ஒரு குறையையும் எடுத்துச் சொன்னார். தெசுகா அன்று படத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்ததால், கார்ட்டூன் வரையும் தொழிலாளர்கள் பல வருஷங்களாகக் குறைந்த கூலிக்கு உழைக்க நேர்ந்தது என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் குறைந்த விலைக்கு ஒருவர் துணிந்து இருக்காவிட்டால், டெலிவிஷனில் வாரம்தோறும் ஜப்பானியக் கார்ட்டூன் வருவது இன்னும் பல வருஷம் தள்ளிப்போய் இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

1994-ம் ஆண்டு டிஸ்னி கம்பெனியின் சிங்கராஜா படம் வெளிவந்தது. அது வெள்ளைச் சிங்கத்தின் கதையை ஒத்து இருப்பதாக ஜப்பானிய ஓவியர்கள் பலர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். டிஸ்னி கம்பெனி அதை மறுத்தது. தெசுகாவின் கம்பெனி வழக்குப் போடவில்லை. டிஸ்னியைக் குருவாக நினைத்தவர் தெசுகா.

கதையின்படி அட்டாம் பிறந்த நாள் 2003-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. அந்த நாள் வந்தபோது ஜப்பான் விழா எடுத்தது. தெசுகா கம்பெனியின் ஸ்டூடியோ இருக்கும் நீசா நகரம், அட்டாமைத் தன் ஊர்வாசியாகவே பதிவு செய்துகொண்டது. பெயரை மாற்றி, எழுத்தை அழித்து அமெரிக்காவுக்கு அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. ஜப்பானியக் கார்ட்டூன்கள் ஜப்பானியப் பெயரோடும், ஜப்பானிய மொழியோடும் உலகமெங்கும் ஓடலாயின.

தெசுகா வளர்ந்த தகராசூகாவில் 1994-ம் ஆண்டு அவர் நினைவாக ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. அங்கே கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. வருகிற குழந்தைகள் உட்கார்ந்து தாங்களே சில படங்களை வரையலாம். வரைந்ததை எந்திரத்தில் கொடுத்தால், அந்தப் படம் அசைந்து ஓடும்.

குழந்தைகள் ஆச்சரியத்தில் வாய் பிளந்து நிற்பார்கள். எரிந்த நகரத்தின் கொட்டகையில் அந்தப் பையனும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு இருந்தான்.